மாமாக் கடைச் சுருதி

காதுக்கருவி வந்த முதல் நாளே அண்ணி அதைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டார். அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. சிங்கப்பூரில் இரும்புத் தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். விடியும் முன்பே எங்கள் ஜொகூர் பாருவின் தம்போயில் பஸ் ஏறி, சிங்கப்பூருக்கான பாலத்தைக் கடந்து போவார். வீடு திரும்பும்போது விளக்கு வைத்திருப்போம். அந்த இயந்திரங்கள் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. கருவியை மாட்டிக்கொண்டு சமையலறைக்குள் வந்தவர், நான் ஒரு கரண்டியைத் தொட்டியில் போட்டதற்கே துள்ளி விழுந்தார். "தலைக்குள்ள தகரத்த உருட்டுற மாதிரி இருக்கும்மா. இதுக்கு நான் செவிடாவே இருந்துக்கிறேன்," என்றார். எனக்கு வந்த கோபத்தில் அரிசி டின்னையே கவிழ்த்துக் கொட்டியிருப்பேன். அண்ணன்தான் வந்து, கையை விட்டுத் துழாவி எடுத்து, ஊதித் துடைத்துச் சாமி அலமாரியில் வைத்தார்.

காது போனது மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்போம். அண்ணி பாடுகிறவர். எங்கள் பக்கத்தில் யார் வீட்டு வளைகாப்பானாலும் நலங்குப் பாட்டு அண்ணியுடையதுதான். வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவர் குரல் ஆர்மோனியத்தை விட்டு எங்கோ விலகிப் போனது. பின்வரிசையில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் அண்ணிக்குக் கேட்கவில்லை, திரும்பியபோது பார்த்துவிட்டார். அன்றோடு பாட்டு நின்றது. இந்த நிலையில்தான் அவருடைய ஒரே மகளுக்கு வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. "ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கலாம். நான் பாடி நாலு பேரு சிரிக்கணுமா?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். மகள் என்னிடம் வந்து அழுதாள். "அத்தை, அம்மா ஊருக்கெல்லாம் பாடுனாங்க. எனக்கு மட்டும் பாட மாட்டாங்களா?" நானும் சேர்ந்து அழுதேன், அவ்வளவுதான்.

தம்போயில் ஒரு கடைவீட்டு மாடியில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறேன். கடை விளம்பரம், கோயில் அறிவிப்பு, ஆசைக்கு ஒரு பாட்டுப் பாடிப் பார்க்க வருகிறவர்கள் என்று ஓடும் பிழைப்பு. அந்தச் சமயம் உள்ளூர்க் கலைவிழா ஒன்றுக்கு, ஜொகூர் பாருவின் ஓசைகளை மட்டுமே வைத்து ஓர் இசைத் தொகுப்பு கேட்டிருந்தார்கள். வாத்தியம் கூடாது, தெருவில் பதிந்ததே தாளமாகவும் ராகமாகவும் வர வேண்டும். பை தூக்க ஆளில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி அண்ணியை இழுத்துக்கொண்டு போனேன். ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை அவர் விரலிலேயே கொடுத்தேன். அதில்தான் மனுஷி மாறினார். காதுக்கருவியில் ஊர் அவர்மேல் பாய்ந்தது. இதில் அவர் கூப்பிட்ட அளவுக்குத்தான் கிட்டே வந்தது. லார்க்கின் பேருந்து நிலையத்தில் சிகாமட், யோங் பெங் என்று ஊர்ப்பெயரைக் கூவி ஆள் சேர்ப்பவர்கள், கல்லில் ரொட்டி சானாய் மாவை அறையும் கை, மாலையில் பாலத்திலிருந்து கூட்டமாக இறங்கும் மோட்டார் சைக்கிள்கள். "அலமாக்! இந்த ஊரு இவ்ளோ பேசுதா?" என்று கேட்டுவிட்டு மைக்கை என்னிடம் தர மாட்டேன் என்றார்.

ஒரு நாள் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை ஒன்றில் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய தேநீர், குடிக்க உட்கார்ந்தோம். அண்ணி மைக்கைக் கொண்டுபோய்ப் பானங்கள் அடுக்கி, ஓயாமல் இரைந்துகொண்டிருந்த குளிர்ப்பெட்டிக்கு முன்னால் நீட்டினார். "இத எடு." குளிர்ப்பெட்டியை எதற்கு எடுப்பது என்று நான் சலித்துக்கொண்டேன். "சுருதி பிடிச்சுக்கிட்டு நிக்குதுலா. உனக்குக் காது கேக்கலையா?" என்றாரே பார்க்கலாம்! யார் யாரைக் கேட்பது! கூரிய ஓசைகள்தான் அவருக்குப் போயிருந்தன, கீழ்க்குரல் ஓசைகள் அப்படியே இருக்கின்றன என்று மருத்துவர் சொல்லியிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணி பெட்டியின் பக்கம் சாய்ந்து, வாய் திறக்காமல் மெல்ல முனகிப் பார்த்தார். இம்மி பிசகாமல் சேர்ந்தது. கடைப்பையன் திரும்பியதும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். சும்மா இருப்பது எனக்கு வராத காரியம். அன்று மட்டும் தேநீரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். இப்போது அந்தக் கடையில் புதுப்பெட்டி வந்துவிட்டது. துளிச் சத்தம் இல்லை. போகும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வருகிறது.

சத்தத்தைத் தன் கையால் கூட்டிக் குறைக்கலாம் என்று தெரிந்ததும், அண்ணி யாரும் சொல்லாமலே மருத்துவமனைக்குப் போய், கருவியைத் தாழ வைத்துப் படிப்படியாக ஏற்றச் சொன்னார். அதை மாட்டிக்கொண்டுதான் கோயில் ஊர்வலத்தைப் பதிவு செய்ய வந்தார். உறுமி மேளம் தெருவை அதிரவைத்துக்கொண்டு போனது. அந்தி நேரம், பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேளக்காரர்கள் தோலின்மேல் கையை வைத்து அமர்த்தினார்கள், ஊர்வலம் அப்படியே நின்றது. பாங்கு முடிந்த பிறகும் மூத்த உறுமிக்காரர் உடனே கோலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்ததும் நான் என் புத்தியைக் காட்டினேன். பாங்கின் குரல் அழகாக விழுந்திருந்தது. குளிர்ப்பெட்டிச் சுருதியை அதன் கீழே போட்டு, ரொட்டி அறையும் ஓசையைத் தாளமாகச் சேர்த்தேன். பெரிய வேலை செய்துவிட்ட பெருமை எனக்கு. அண்ணி கேட்டதும் ஹெட்போனைக் கழற்றினார். "இத எடுத்துடு. பாங்குக்கு நாம மேளத்த நிறுத்துறவங்க. நீ போயி அதுக்கு மேளம் போடுறியே?" அதிர்ந்து போனேன். கண்ணெதிரே நின்ற ஊர்வலத்திலிருந்து வந்தவள்தானே நானும். "அப்ப அந்த இடத்துல என்னதான் அண்ணி வைக்கிறது?" என்று சிடுசிடுத்தேன். "முடிஞ்ச பொறகு நின்னோமே, அத வை," என்றார்.

பாங்கை முழுதும் எடுத்துவிட்டு, அதன் பின்னால் வந்த அந்தச் சிறு நேரத்தை மட்டும் வைத்தேன். யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை பலூன் கேட்டது, ஒரு செருப்பு தேய்ந்து நகர்ந்தது. அதற்குப் பிறகு இசையை எப்படித் தொடங்கினாலும் முரட்டுத்தனமாக இருந்தது. உறுமியைப் போட்டுப் பார்த்தேன், பேருந்தைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. குளிர்ப்பெட்டிச் சுருதியை மட்டும் ஓடவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன்.

ஊர்வலம் நின்ற அந்த இடம் வந்தது. அண்ணன், "என்ன, கெட்டுப் போச்சா?" என்று எழுந்தார். அண்ணி கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். கோயிலில் பாட்டெடுக்கும் முன் கூட்டத்தை அடக்கும் அதே கை. சுருதி கீழே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார், கண்ணை மூடினார், நலங்குப் பாட்டை எடுத்தார். குரல் முன்பைவிடத் தடித்திருந்தது. இரண்டாம் வரியில் லேசாக ஆடியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவரே கேட்டு, அவரே சரிசெய்து, நிறுத்தாமல் போனார். மகள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு தேம்பினாள். அண்ணன் நின்றபடியே துண்டால் முகத்தைத் துடைத்தார்.

பாடி முடித்துவிட்டு அண்ணி என்னைப் பார்த்து முறைத்தார்.

"என்ன வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? பதிவு பண்ணுனியா இல்லியா?"

"இல்ல அண்ணி... மறந்துட்டேன்."

"நல்ல பொழப்புலா உன் பொழப்பு! சரி போ, வளைகாப்புக்கு மைக்கத் தூக்கிட்டு வந்துடு."