பாதி வீச்சு போதும்

"வானம் எங்கே?" என்று பாடிக்கொண்டே வலது கையை உயர்த்தினேன். கை காது வரைக்கும் போய் நின்றுவிட்டது. எதிரே நின்ற இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரும் என்னைப் பார்த்து, தங்கள் காதுக்கு நேரே கையை நிறுத்தி, சன்னலை வானம் என்று காட்டினார்கள்.

மேலகரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இருபத்தாறு வருடங்களாக நான் ஆசிரியை. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். இரண்டு மாதம் வீணாய்ப் போனது. உங்கள் தோளும் இப்படிப் பாதியில் நின்றால் தைலத்தோடு காலம் தள்ளாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

தென்காசியில் எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. அவர் என் கையைத் தூக்கிப் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார். பிறகு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"ஃப்ரோசன் ஷோல்டர் டீச்சர்" என்றார் (தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து, சுருங்கி, இறுகிப்போவது). "சர்க்கரையும் கூடுதலா இருக்கு. சர்க்கரை உள்ளவங்களுக்கு இது வர்றது சகஜம்."

ஒரே நாளில் இரண்டு நோய். சர்க்கரை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"எப்பம் சரியாகும் டாக்டர்?"

"ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டும் ஆகலாம். பெரும்பாலும் சரியாகிரும். ஆறு மாசத்துல அசைவு கூடலைன்னா மயக்கம் குடுத்து மூட்டை அசைச்சு விடலாமான்னு பாப்போம்."

கடைசி வாக்கியம் மட்டும்தான் என் காதில் விழுந்தது.

வலியை விட வெட்கம்தான் என்னை வாட்டியது. ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை. தலை பின்ன முடியவில்லை. என் கணவர் ஆலங்குளத்தில் ஒரு உரக்கடையில் வேலை பார்க்கிறார். உர மூட்டை எண்ணிப் பழகிய மனிதர் கைபேசியில் வீடியோ பார்த்துச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். முதல் வாரம் சடை இடது காதுப் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது.

"டீச்சர், ஒங்க சடை ஏன் கோணையா இருக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இதுதான் இப்போதைய ஸ்டைல் என்று சொல்லிவிட்டு, இடைவேளையில் போய் அழுதேன். என் தலையை நானே பின்ன வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை.

அருவியில் நின்றால் தோள் தானாக இளகிவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். குற்றாலத்துக்குப் போனேன். வழுக்கிய ஒரு பெண் பிடிமானத்துக்கு என் வலது கையைப் பிடித்து இழுத்தாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் விலகிவிட்டார்கள். மருத்துவரிடம் சொன்னபோது நன்றாகத் திட்டினார். அது நியாயமான திட்டு.

பிசியோதெரபி (பயிற்சிகளால் மூட்டையும் தசையையும் பழக்கும் சிகிச்சை) தொடங்கியது. செங்கோட்டையிலிருந்து வரும் இளம்பெண் ஒருத்திதான் எனக்குப் பயிற்சி கொடுத்தவள். சுவரில் விரல்களை ஏற விட வேண்டும். கம்பை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். நல்ல பயிற்சிகள்தான், ஆனால் சுவரைப் பார்த்து எத்தனை நாள் நிற்பது? இரண்டாம் வாரமே ஏமாற்ற ஆரம்பித்தேன். செய்யாததைச் செய்ததாகச் சொன்னேன். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் என்னிடம் சொல்கிற அதே பொய்.

தோள் திருப்பும் பயிற்சி என்று கைபேசியில் தேடப்போக, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கோல்ஃப் தெரியாதவர்களுக்கான முதல் பாடம். அவசரமே இல்லாமல் பேசினார். இடுப்பளவு பின்னால், இடுப்பளவு முன்னால், இப்போதைக்குப் பாதி வீச்சு போதும் என்றார். என் கைக்கும் பாதிதான் வரும். அத்தனை மாதத்தில் போதும் என்று என்னிடம் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

முதலில் குடையை வைத்து ஆட்டினேன். பயிற்சிக்காரப் பெண்ணிடம் கேட்டேன். வலி குத்தும் முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றாள். பிறகு என் கணவர் ஆலங்குளத்துப் பழைய இரும்புக்கடையில் நிஜமான கோல்ஃப் மட்டை ஒன்றையும் ஒரு பந்தையும் கண்டெடுத்தார். மட்டையைப் பேருந்தில் கொண்டுவந்தபோது, "அண்ணாச்சி, இதை வச்சு என்ன செய்வீய?" என்று கேட்டாராம் நடத்துநர். "வீட்ல கேக்காவ" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குக் கிழக்கே அறுவடை முடிந்து தரிசாகக் கிடந்த வயல். கைபேசியைத் துணி துவைக்கும் கல்லில் சாய்த்து வைத்து, எதிரே நின்று, அந்த வெள்ளைக்காரர் செய்வதைச் செய்தேன். பந்து பக்கத்தில் விழும், பின்னால் போகும், சில சமயம் நகராது. மட்டையின் தட்டையான பக்கம் எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வளைந்த பக்கத்தால்தான் அடித்தேன். விளையாட்டு கடினமானது என்று அவரே சொல்லியிருந்ததால் மனம் தளரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன் தினமும் இருபது நிமிடம். நான் ஏமாற்றாத முதல் பயிற்சி இது.

நாலு மாதம் கழித்து, பயிற்சிக்காரப் பெண் அந்த வீடியோவையும் நான் அடிப்பதையும் சேர்த்துப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"டீச்சர், அவரு வலது கைக்காரரு. நீங்க இடது கைக்காரங்க மாதிரில்லா அடிக்கீங்க. அவரை அப்படியே கண்ணாடியில பாத்த கணக்கா."

புரிந்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. ஆட்டப்பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை வலது கை என்று சொல்லித் தன் இடது கையைத் தூக்குவாள். எதிரே நிற்கும் பிள்ளைகளுக்கு அதுதான் வசதி. வானம் பாட்டு பாடிய அன்று என் பழக்கத்துக்கு மாறாக வலது கையைத் தூக்கியது, இடது கையில் புத்தகம் இருந்ததால். அந்த வெள்ளைக்காரரும் எங்களை மாதிரி மாற்றித்தான் காட்டுவார் என்று நினைத்துவிட்டேன். உலகத்தில் எல்லோரும் இரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள் இல்லை.

அவள் கோணமானியை (மூட்டு எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் கருவி) தோளில் வைத்தாள். முதலில் எழுபது பாகை இருந்தது, இப்போது நூற்று நாற்பது.

"சரியா அடிச்சிருந்தா முன்னால நீண்டு நிக்க வேண்டியது இடது கை. நீங்க தப்பா அடிச்சதுல அந்த வேலையை வலது கை பாத்திருக்கு."

கோல்ஃபால் குணமானேன் என்று சொல்ல மாட்டேன். சர்க்கரையைக் கட்டுப்படுத்தினேன், மாத்திரை தின்றேன், காலமும் கூட இருந்தது. ஆனால் தப்பாகச் செய்தும் விடாமல் செய்தேன். மயக்க மருந்து வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன அன்று, பேருந்தில் உட்கார்ந்து வீடு வரும் வரை மனதுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அதே மருத்துவர்தான், சிலருக்கு மறு தோளிலும் பின்னாளில் இது வரலாம் என்று சொன்னார். பயந்தேன். பிறகு யோசித்து, இடது கைக்கும் வேலை கிடைக்கட்டும் என்று, கோல்ஃபை முதல் பாடத்திலிருந்து இந்த முறை நேராகக் கற்பது என்று முடிவு செய்தேன். நோய் தடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சும்மா காத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போதும் சடை மட்டும் என் கணவர் கையில்தான். என் கை உச்சந்தலை வரை போகும், பின்னந்தலைக்குப் போகச் சொன்னால் நின்றுவிடும். மூட்டு பயந்ததா, நான் பயந்தேனா, தெரியாது. முயற்சி செய்வதையே விட்டிருந்தேன்.

ஒரு நாள் காலை மட்டையின் தட்டையான பக்கத்தைப் பந்துக்கு வைத்தேன். வலது பக்கம் பின்னால், இடுப்பளவு. பாதி வீச்சு. டக்கென்று ஒரு சத்தம், இதுவரை நான் கேட்காதது. பந்து எழும்பி நேராகக் கிழக்கே போனது. அது எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

பின்வாசலில் சீப்போடு காத்திருந்த என் கணவர் கூப்பிட்டார்.

"ஏட்டி, கை."

"என்ன கை?"

"ஒன் வலது கையைப் பாரு."

வெயில் கூசாமல் இருக்க என் வலது கை நெற்றிக்கு மேல் நின்றிருந்தது. நான் தூக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. பத்து மாதமாக நான் கெஞ்சிக்கொண்டிருந்த கை, சொல்லாமலே போய் நின்றிருந்தது.

சீப்பை வாங்கிக்கொண்டேன். முன்பெல்லாம் நாலு நிமிடத்தில், உலை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே முடிக்கிற வேலை. அன்று இருபது நிமிடம் ஆனது. முடியின் ஒவ்வொரு பிரியும் மடிந்து விழுவதை விரலால் உணர்ந்து பின்னினேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதம். அவரும் எட்டு மணிப் பேருந்தை விட்டுவிட்டு நின்று பார்த்தார்.

"கோணையா இருக்குட்டி" என்றார்.

இருக்கட்டும் என்றேன்.