மண் பார்க்க வாங்கிய வெற்றிலை

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அதற்குப் பிறகு அரிசி ஆலையில் மூட்டை தைத்தேன், அதிராம்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன், லாரியில் கிளீனராகப் போய் மூன்று மாநிலம் பார்த்தேன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. நில அளவைக் குழு ஒன்றில் சங்கிலி பிடிக்கச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வரப்பிலும் சேற்றிலும் நடக்க வேண்டும். சொன்ன இடத்தில் முளை அடிக்க வேண்டும். மூன்று வேளையும் சாப்பாடு போட்டார்கள்.

எங்களை வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு கடைமடை ஊருக்கு அனுப்பினார்கள். மற்ற ஊர்களெல்லாம் பாய்ச்சிய பிறகு மிச்சம் இருந்தால்தான் அந்த ஊருக்குத் தண்ணீர் வரும். அங்கே அணுமின் நிலையம் கட்டலாமா, எரிந்து முடிந்த எரிபொருளை ஆழத்தில் வைத்து மூட ஒரு கிடங்கு தோண்டலாமா என்று பார்ப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. அந்தக் களிமண்ணில் தண்ணீர் ஊறி இறங்காது, அதனால் கிடங்குக்கு ஏற்றது என்று எங்கள் எஞ்சினியர் நம்பினார். அவர் வடக்கத்திக்காரர், நல்ல மனிதர். தமிழ் தெரியாது.

திட்டத்துக்கு என்று பார்த்துவைத்திருந்த நிலம் ஒரு காலத்தில் ஒரே மிராசுதார் குடும்பத்துடையது. உச்சவரம்புச் சட்டத்தில் உபரி என்று எடுத்து, கூலி ஆட்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தார்கள். சும்மா கொடுத்துவிடவில்லை. அறுப்பை மறித்து, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், அதற்கப்புறம் கிடைத்தது. மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் அதற்குள் சென்னையில் வக்கீலும் வாத்தியாருமாக ஆகியிருந்தார்கள். அவர்களிடம் மிச்சமிருந்த நிலத்துக்குக் கேட்டபோது தபாலிலேயே சம்மதம் அனுப்பிவிட்டார்கள்.

பட்டா வாங்கியவர்களில் ஒரு அக்கா இருந்தார். ஊர் நடவு ஆட்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. வயது நாற்பத்தைந்துக்கு மேல். புருஷன் நிலப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய், இருமலோடு திரும்பிவந்து, பட்டா வருவதற்கு முந்தின வருஷம் செத்துப்போனார். அக்கா பேரில் இரண்டு மா நிலம். ஏக்கரில் முக்கால்கூட வராது. அதில் ஆறு போகம் எடுத்திருந்தார். எத்தனை போகம் என்று கேட்காமலே சொல்வார்.

துளை போட்டு மண் எடுக்க வேண்டுமானால் நிலத்துக்காரர்கள் சம்மதம் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தாசில்தார் காகிதத்தோடு வந்தார். ஒருவரும் கைநாட்டு வைக்கவில்லை. முன்பு காகிதத்தில் விரலை வைத்துத்தான் அவர்களில் பலருடைய அப்பாக்கள் இருந்த மனைக்கட்டையும் இழந்திருந்தார்கள்.

மத்தியானம் தார்ப்பாய் நிழலில் தாசில்தார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, நீ இந்தப் பக்கத்து ஆளுதானே? இதுங்கள எப்படித்தான் ஒத்துக்க வைக்கிறது?"

என்னை ஒருவர் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் நடவுக்கு ஆள் பேச எழுத்து கிடையாது. பண்ணையிலிருந்து ஒருவன் வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவான். எந்த வயல், என்ன வேலை என்று வாயால் சொல்வான். தலைவி வெற்றிலையை எடுத்துக்கொண்டால் பேச்சு முடிந்தது. மழை கொட்டினாலும் ஆள் இறங்கும். பின்னால் தகராறு வந்தால் தட்டு தூக்கியவனைத்தான் கேட்பார்கள். என்ன வேலைக்கு என்று அவன் சொல்வதுதான் தீர்ப்பு. பண்ணையாரும் அதை மறுத்துப் பேச முடியாது, தலைவியும் பேச முடியாது.

"அப்ப நீயே தூக்கு" என்றார் தாசில்தார்.

மறுநாள் காலையில் தட்டோடு போனேன். தாசில்தாரும் எஞ்சினியரும் பின்னால் வந்தார்கள். அக்கா நாற்றங்காலில் நாற்றைப் பறித்து முடி கட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு மேலே வந்தார். நடவுப் பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"எதுக்குத் தம்பி தட்டு? பொண்ணு கேக்க வந்திருக்கியா?" என்றாள் ஒருத்தி.

"இவனுக்குப் பொண்ணு குடுத்தா அது எந்த ஊருல இருக்கும்னு தேடணும்" என்றாள் இன்னொருத்தி.

நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா எஞ்சினியரைப் பார்த்துக் கேட்டார்.

"மண்ணு பாத்து, நல்லாருந்தா என்னத்த வைப்பீங்க?"

தாசில்தார் இங்கிலீஷில் கேட்டு, தமிழில் சொன்னார். "அணு உலைல எரிஞ்ச சாமான்மா. பெட்டில போட்டு, அடியில வச்சு, மூடிடுவாங்க. ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாதுன்னா ஏன் அவ்வளவு அடியில வைக்கணும்? எத்தன நாளு இருக்கும்?"

எஞ்சினியர் ஒளிக்கவில்லை. ஆயிரக்கணக்கான வருஷம் என்றார். அந்த வார்த்தை எனக்கே புரிந்தது. தாசில்தார், "ரொம்ப நாளு" என்று மட்டும் சொன்னார். நான்தான் அக்காவிடம் முழுசாகச் சொன்னேன்.

"அத்தன நாளு யாருங்கய்யா காவல் இருப்பா?"

"அரசாங்கம் இருக்கும்லம்மா."

"எந்த அரசாங்கம்? இந்தப் பட்டாவுக்கு அலைஞ்சப்பவே ரெண்டு மாறிப்போச்சு. மொத ஆளு குடுத்த சீட்ட அடுத்த ஆளு செல்லாதுன்னான்."

பெண்கள் சிரித்தார்கள். தாசில்தாரும் சிரித்துவைத்தார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. இந்த வெத்தல என்ன வேலைக்கு?"

"மண்ணு பாக்க மட்டும்தான்க்கா. அதுக்கு மேல ஏதும்னா திரும்ப வந்து கேப்பாங்க."

"கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்து மடியில் முடிந்துகொண்டார். அவர் எடுத்ததைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள்.

இரண்டு மாதம் துளை போட்டோம். உருளை உருளையாக வந்த களிமண்ணை மரப்பெட்டியில் அடுக்கி எண் எழுதினேன். அக்கா தன் நிலத்தில் துளை போட்ட இடத்தைச் சுற்றி நட்டிருந்தார். நாங்கள் மிதித்த நாற்றை அன்றன்றே சாயங்காலம் வந்து நிமிர்த்திவிடுவார். திட்டமாட்டார். கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில் எனக்கும் ஒரு கிண்ணம் வரும்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நிலம் எடுப்பதற்கு முன்னால் ஊரின் கருத்தைக் கேட்கும் கூட்டம் என்று தண்டோரா போட்டார்கள். ஜில்லா ஆபீசிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். கரை வேட்டிக் கட்சிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், ஊர் தரையில் உட்கார்ந்தது. வேலை வரும், ரோடு வரும், கரண்டு வரும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். கரண்டு வருவது பொய்யாகவும் இருந்திருக்காது. அந்த ஊரில் அப்போது விளக்கு இல்லாத வீடுதான் அதிகம்.

அக்கா எழுந்து, "எங்களுக்குச் சம்மதம் இல்லைங்க" என்றார்.

தாசில்தார் காகிதக் கட்டைப் பிரித்தார். "நிலத்துக்காரர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி தாம்பூலம் பெற்றுத் திட்டத்துக்கு இசைவு தெரிவித்தார்கள்னு ரெக்கார்டு இருக்கு" என்று வாசித்தார்.

"அது மண்ணு பாக்க வாங்குனது."

"அப்படி இதுல இல்லையேம்மா."

"அதுல இல்லாட்டிப் போவுது. தட்டு தூக்குனவன் இருக்கான்ல, கேளுங்க" என்றார். பயமே இல்லாமல் சொன்னார். நான் கூட்டத்தில் காட்டக் கொண்டுவந்திருந்த மண்பெட்டிகளுக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றிருந்தேன். மொத்த ஊரும் திரும்பிப் பார்த்தது.

பெரிய அதிகாரி கேட்டார். "ஏம்ப்பா, இந்த அம்மா வெத்தலை வாங்கினாங்களா இல்லையா?"

"வாங்கினாங்க சார்."

அக்கா காத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. என்ன வேலைக்கு என்று நான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் எந்தத் தட்டுக்காரனும் வாயை மூடியதில்லை. தாசில்தார் என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை, கண் காட்டவில்லை, சும்மா பார்த்தார். குழுவில் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள எழுதியிருப்பதாக முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். நான் பக்கத்து மண்பெட்டியில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தேன். கேட்டதற்குத்தான் பதில் சொல்லிவிட்டோமே என்று மனசுக்குள் ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

"அவ்வளவுதான்" என்றார் பெரிய அதிகாரி.

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். கத்தியிருக்கலாம், என்னைப் பொய்யன் என்றிருக்கலாம். இருபது வருஷம் அதே வழக்கத்தை வைத்து மற்றவர்களைக் கட்டிப்போட்டவர். தட்டுக்காரன் நிறுத்திய இடத்தில் பேச்சு நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் பின்னால் எழுந்து நின்றிருந்த பெண்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கூட்டம் அதோடு முடிந்தது. எல்லோருக்கும் கலர் சோடா கொடுத்தார்கள்.

அந்த அறுப்பு முடிந்ததும் நிலத்தை எடுத்துக்கொண்டு கம்பிவேலி போட்டார்கள். வேலிக்கு முளை அடித்த ஆட்களில் நானும் ஒருவன். அக்காவின் வயலில் அறுத்த நெல்தாள் இன்னும் காயவில்லை. வேலி போட்ட அடுத்த மாதமே எங்கள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். நிரந்தரம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் மறுபடி லாரி ஏறினேன்.

உலை வரவில்லை. மேலே ஆள் மாறியது, கொள்கை மாறியது, வேறு இடம் பார்க்கிறார்கள் என்றார்கள். கிடங்கும் வரவில்லை. நிலத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. எடுத்த நிலம் எடுத்ததுதானாம். சில வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது வேலிக்குள் ஆள் நுழைய முடியாதபடி சீமைக் கருவேல் மண்டிக் கிடந்தது.

அதற்கும் பிறகு சீர்காழிப் பக்கம் ஒரு களத்தில் நெல் ஏற்ற லாரியை நிறுத்தியிருந்தோம். ரோட்டோரம் ஒரு வேனிலிருந்து நடவுப் பெண்கள் இறங்கினார்கள். வெளியூர் ஆட்கள். கடைசியாக அக்கா இறங்கினார். முடி முழுதும் வெளுத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"எளைச்சுட்டியே தம்பி. கல்யாணம் ஆச்சா?"

இல்லை என்றேன். பிறகு, அத்தனை வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்க்கா."

"சொல்லியிருந்தா ஒன் வேல போயிருக்கும்."

"அது அடுத்த மாசமே போயிடுச்சுக்கா."

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அடப் பாவி. அப்ப ரெண்டு பேருக்குமே இல்லாமப் போச்சா" என்றார்.

வயலிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். அங்கே அவர் தலைவி இல்லை, வரிசையில் ஒரு ஆள். இரண்டு எட்டு வைத்தவர் திரும்பி நின்று கேட்டார்.

"அந்தச் சாமான எங்கதான் தம்பி வச்சாங்க?"

"தெரியலக்கா. வேற ஏதோ ஊருன்னாங்க."

"அங்க உள்ளவங்களக் கேட்டாங்களாமா?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, யாருடைய வயலோ அதில் இறங்கினார்.