பார்ப்பம்

நான் மேசன், வீடு கட்டுகிறவன். எங்கள் ஊரில் வீடு இல்லாமல் பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை. அதனால் வீட்டுக்காரர் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"மேசன், எப்ப முடியும்?"

முடியும் என்றால் ஒரு பெருநாளைத் தவணையாகச் சொல்வேன். முடியாது என்று தெரிந்தால், "பார்ப்பம்" என்பேன்.

இப்போது எங்கள் வீட்டுப் பக்கத்தில் கட்டுவது என் இளைய மகளின் வீடு. மாப்பிள்ளை பேசியாயிற்று. சுவர் யன்னல் மட்டத்தில் நிற்கிறது.

சிறுநீர் அடைத்துக்கொண்டபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புரொஸ்டேட்டில் கான்சர், எலும்புக்கும் போய்விட்டது என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. வீட்டில் நாரி வலி, இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் வந்தேன்.

அந்த ஊசி போட்டால் உடம்பு கொதித்து வேர்க்கும். கிளினிக் வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, என்னிலும் இளையவர் ஒருவர் சொன்னார்: "பொம்பிளையளுக்கு வாற வேர்வை நமக்கும் வந்திட்டு காக்கா. இனிச் சோறாக்கவும் விடுவாளுகள்." எல்லாரும் சிரித்தோம். ஆனால் உள்ளே போனவரிடம், "அடுத்த முறை வீட்டு ஆளையும் கூட்டி வாங்க" என்று டொக்டர் சொன்னால் வாங்கில் பேச்சு நின்றுவிடும்.

போன முறை எனக்கு அதைச் சொன்னார்.

டொக்டர் அவளையும் வரச் சொன்னதாக மனைவியிடம் சொன்னேன்.

"நாரி வலிக்கு எந்த டொக்டர் பொஞ்சாதியக் கூட்டி வரச் சொன்னாரு?" என்றாள்.

அக்கரைப்பற்றில் பஸ் ஏறியதும் உள்ளதைச் சொன்னேன். சாய்ந்தமருது வரை அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள்.

டொக்டர் சின்ன வயசு. "ஊசிக்கு நோய் இப்ப அடங்குதில்ல ஐயா. இரத்தத்தில அளவு ஏறுது. வேற மருந்து தொடங்குவம்."

"மகள்ட வீடு முடியிற மட்டும் இருப்பனா, டொக்டர்?"

"ஆளுக்கு ஆள் வித்தியாசம் ஐயா. சிலருக்கு மருந்து நல்லாக் கேட்கும். சிலருக்குக் கேட்காது."

"வாற பெருநாளைக்கு?"

"பார்ப்பம்."

அந்தச் சொல்லைச் சொல்கிறவன் ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டான், சுவரைப் பார்ப்பான். டொக்டர் சுவரைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது மனைவி சொன்னாள்: "பார்ப்பம் எண்டுதானே சொன்னாரு. இல்லையெண்டு சொல்லல்லியே."

"ஓம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சாந்துக் கரண்டியை எடுத்தேன். சும்மா இருந்தால் பயம் கூடுகிறது. மனைவி வாளியில் அள்ளி, முந்தின நாள் கட்டிய சுவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். மகள் தேத்தண்ணி கொண்டு வந்தாள்.

"வாப்பா, கூரை எப்ப போடுவீங்க?"

வாயில் வந்துவிட்டது. "பார்ப்பம் மகள்."

மகள் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. எத்தனையோ வீட்டுக்காரருக்கு எங்கள் வாசல் படலையில் வைத்து நான் அதைச் சொல்லக் கேட்டவள் என் மனைவி.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தாள். பிறகு மறுபடி தண்ணீரை அள்ளினாள்.

"நாளைக்கு இன்னொரு மேசனையும் கூப்பிடுங்க" என்றாள்.