எடுத்துக் குடுக்காதீங்க

கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்காது. பயணி வாயைத் திறப்பதற்குள் எங்கே இறங்கணும் என்று இவரே சொல்லி டிக்கெட்டைக் கிழித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த மனைவியோ இங்கிலீஷ் டீச்சர். வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு டியூஷன் சென்டரில் சாயங்காலம் பேசக் கற்றுத் தருகிறவள்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தபோது அவளுக்குக் கை கால் எல்லாம் தேறிவிட்டது. வார்த்தைகள்தான் பாதி காணாமல் போயிருந்தன. கரண்டியைச் சாவி என்பாள். தலையணை கேட்க வாயெடுத்து நடுவழியில் நிற்பாள். கண்டக்டர் பழக்கதோஷத்தில் சொல்லை எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் அந்தக் கரண்டியே பறந்து வந்தது.

"எடுத்துக் குடுக்காதீங்க! நான்... தேடறேன்ல?"

அன்றோடு அவர் வாய்க்குப் பூட்டு. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அவள் தேடி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். காபி ஆறிப்போகும். போகட்டுமே! அம்மாடி, என்ன வைராக்கியம் அந்தப் பொம்பளைக்கு! கிடைக்கிறவரை விடமாட்டாள்.

திரும்ப வேலைக்கு வருகிறேன் என்று போய் நின்றால், சென்டர் மேனேஜர் தலையைச் சொறிந்தார். "ஒரு கிளாஸ் எடுங்க டீச்சர், அப்புறம் பார்க்கலாம்." 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? வகுப்பன்று கடைசி பெஞ்சில் மேனேஜர் உட்கார்ந்தார். பக்கத்தில் கண்டக்டர்.

'லுக் ஃபார்' என்று பலகையில் இங்கிலீஷில் எழுதினாள்.

"அர்த்தம்?"

"கண்டுபிடிக்கிறது," என்றார் முன்வரிசையில் படிக்க உட்கார்ந்திருந்த ஒரு டிரைவர்.

"இல்ல. தேடறது. கிடைக்கலைன்னாலும்... தேடறது. உதாரணத்துக்கு, ஐ ஆம் லுக்கிங் ஃபார் மை..."

நின்றுவிட்டாள்.

"பர்ஸா டீச்சர்?" என்றார் டிரைவர். கையைக் காட்டி அடக்கினாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டில் அவள் எந்த வார்த்தையைத் தேடினாலும் கண்டக்டருக்குத் தெரிந்துவிடும். இப்போது எதைத் தேடுகிறாள் என்று சத்தியமாகத் தெரியவில்லை.

"மை... மை..." நெற்றியெல்லாம் வியர்வை. கண்ணை மூடினாள், திறந்தாள். மேனேஜரையே நேராகப் பார்த்தாள்.

"ஜாப்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மேனேஜரும் சிரித்துக்கொண்டே எழுந்தார். "நாளைலேர்ந்து வந்துடுங்க டீச்சர்."

கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளோ சாக்பீஸை மேனேஜர் பக்கம் நீட்டினாள்.

"இங்கிலீஷ்ல சொல்லுங்க."