ரொஸ்னா அக்காவுக்கு எட்டாத பெட்டி

ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். இருக்கட்டும். கிச்சன் கேபினெட் மாட்டும் தொழிலில் வாயில்லாதவளை அரைத்துத் துவையலாக்கிவிடுவார்கள். கூடவே வேலை செய்கிற என் வீட்டுக்காரர் வாசு நேர்மாறு. வானமே இடிந்து விழுந்தாலும், "நமக்கென்ன குணவதி?" என்பார்.

அன்றைக்கு ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் ரொஸ்னா அக்கா வீட்டில் வேலை. ஏற்பாடு செய்தது, பாலம் தாண்டி ஜூருவில் குடும்பத்தோடு இருக்கும் அவர் மகன் ஹைக்கல். அக்கா டவுனில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் மீன் தலைக் கறி வைத்தவர். விடியுமுன்னே பஸ் பிடித்துப் போய், அடுப்பு முன்னால் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவர். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். இப்போது சக்கர நாற்காலி.

இதெல்லாம் அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். கேபினெட் கடைக்காரன் வரைந்து கொடுத்த படத்தில் எல்லாமே நின்று சமைக்கிறவர்களுக்கான உயரம். மேல் பெட்டிகளோ சீலிங் வரை.

இந்தப் பெட்டிகளுக்கு முன்பக்கச் சட்டம் கிடையாது. பக்கப் பலகையோடு பக்கப் பலகையை ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஸ்க்ரூ முடுக்க வேண்டும். முதல் பெட்டி மயிரிழை சாய்ந்தாலும் கடைசிக் கதவு வரை பல்லிளிக்கும். அந்த ஃபிளாட்டில் தரையே சரிவு. பெட்டிக்கடியில் இருக்கும் பிளாஸ்டிக் கால்களைத் திருகித் திருகி, மட்டம் பார்த்து, கீழ் வரிசையை நிறுத்தி முடித்தோம்.

அதுவரை ஓரமாக இருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு கிட்டே வந்தார். முட்டி கதவில் இடித்தது. பெட்டியின் விளிம்பு அவர் நெஞ்சுக்கு வந்தது. அடுப்பு வரப்போகும் இடத்துக்குக் கையை நீட்டினார். எட்டவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"படம் போடறப்ப உங்ககிட்ட கேக்கலியாக்கா?"

"என்னை யாரு கேட்டா தங்கச்சி?"

மத்தியானம் ஹைக்கல் டிபன் கேரியரோடு வந்து, அதை அம்மா மடியில் வைத்தான். நான் விடுவேனா?

"ஏன் தம்பி, இந்த அடுப்புல யாரு சமைக்கப் போறா?"

"அம்மா இனிமே சமைக்க வேணாம்லா. கடையில சொல்லிட்டேன், டெய்லி சாப்பாடு வந்துரும். கிச்சன் பாக்க அழகா இருந்தா போதும்."

"அப்ப இது அடுப்படியா, ஷோரூமா? பெத்தவள பொம்மையாட்டம் உக்கார வைக்கப் பாக்கறியா?"

"அக்கா, நீங்க உங்க வேலைய பாருங்கலா. இது எங்க குடும்ப விஷயம்."

வாசு என் சட்டையைப் பிடித்து இழுத்தார். தட்டிவிட்டேன். எல்லாவற்றையும் கழற்று, கால்களை எடு, பெட்டியைத் தரையில் இறக்கு என்று நான் கத்த, படத்தில் இருக்கிறபடி செய் என்று அவன் கத்த, வீடே இரண்டுபட்டது.

டங்! டிபன் கேரியர் மூடியால் பெட்டிமேல் ஓங்கி ஒரு அடி. அடித்தது ரொஸ்னா அக்கா.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க! அவன்தான் என்னைக் கேக்கல. நீ மட்டும் கேட்டியா? காலத்தானே வெட்டுனாங்க, நாக்கையுமா வெட்டுனாங்க?"

என் வாய் அடைத்துப்போனது. கல்யாணமான நாளிலிருந்து இதைப் பார்க்கக் காத்துக்கிடந்த வாசு, சிரிப்பை மறைக்கத் திரும்பி நின்றுகொண்டார்.

"மா, உனக்கு ரெஸ்ட்டு கொடுக்கலாம்னுதான்..." ஹைக்கலின் குரல் இறங்கிவிட்டது.

"ரெஸ்ட்டு கபுர் குழிக்குள்ள எடுத்துக்கறேன்டா."

பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். "பெட்டிக் கால அடியோட எடுக்காத. நான் தரைய கழுவி விடறவ, பலகை ஊதிடும். குட்டையா வெட்டு. அடுப்புக்குக் கீழ பெட்டியே வேணாம். என் முட்டி உள்ள போகணும்."

கழற்றினோம், வெட்டினோம், மறுபடி மட்டம் பார்த்து இணைத்தோம். உருட்டி வந்து பார்த்தவர், "இன்னும் ஒரு விரல் கீழ," என்றார். மனசுக்குள் அவரையும் திட்டிக்கொண்டே திரும்பக் கழற்றினேன். இந்த முறை முட்டி உள்ளே போனது. கை சுவர் வரைக்கும் எட்டியது.

மேல் பெட்டிகளை எதிர்ச் சுவரோரம் கீழேயே வைக்கச் சொன்னார், ஒன்றைத் தவிர.

"அத மட்டும் மேல மாட்டு. சீலிங்க முட்டணும்."

"உங்களுக்கு எட்டாதேக்கா?"

"எட்டக் கூடாது."

அதையும் மாட்டி முடித்தோம். சோற்றைக் கொட்டுவது பாவம் என்று கேரியரைப் பிரித்து எங்கள் எல்லோருக்கும் போட்டார். குழம்பை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். "இதுக்கு பேரு கறியா?" சாப்பிட்டு முடித்ததும் கேரியரைக் கழுவி வரச் சொல்லி மகனை அனுப்பினார்.

"அந்த மேல் பெட்டிக்குள்ள வை."

ஹைக்கல் குதிகாலைத் தூக்கி, எக்கி வைத்து, கதவைச் சாத்தினான்.

"அடுப்பு மாட்டற அன்னைக்கு வெறுங்கையோட வந்துராத," என்றார் அக்கா. "மீன் தலை வாங்கிட்டு வா. பெரிசா பாத்து வாங்கு."