பங்காளிகள் ஆவோம், வாருங்கள்!

1. அறுபது பேர், ஒரு கையெழுத்துகூட இல்லை

அறுபது பேர் வந்தார்கள். அறுபது பேரும் இட்லி சாப்பிட்டார்கள். ஒருவர்கூட ஃபாரத்தைத் தொடவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில் ஒரு ரைஸ் மில்லின் களம். காயப்போட்ட நெல்லின் மேல் காலை வெயில் நடந்துகொண்டிருந்தது. நான் ஷேர் அப்ளிகேஷன் ஃபாரக் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

மெர்ச்சன்ட் பேங்கிங் என் தொழில். புதிதாகத் தொடங்கும் கம்பெனியின் பங்குகளை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பம்பாய், கல்கத்தா, மறுபடி பம்பாய், பிறகு சென்னை ரீஜனல் ஆபீஸ். எந்த ஊரிலும் ஜன்னலுக்குத் திரை வாங்கிப் போடும்வரை இருந்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "இன்னொரு டிரான்ஸ்பர்னா நீங்க மட்டும் போங்க. நான் இனிமே பெட்டி கட்டறதா இல்ல" என்று சொல்லியிருந்தாள்.

சென்னையில் கைக்கு வந்த முதல் பங்கு இஷ்யூ, தவிட்டெண்ணெய் எடுக்கும் ஒரு கம்பெனியுடையது. தவிடு தரும் ரைஸ் மில்காரர்களே பங்கு வாங்கினால்தான் ஆலை நிலைக்கும். ரீஜனல் மேனேஜர் கூப்பிட்டார்.

"லோக்கல் சப்போர்ட் வரணும். வரலேன்னா, கௌஹாத்தி ஆபீஸ்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு. புரியுதா?"

புரிந்தது.

2. என் அழகிய சொல்

மில்காரர்களைக் கூப்பிடும் நோட்டீஸை நானே எழுதினேன். 'பங்குதாரர்' என்ற சொல்லில் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாடை அடித்தது. அதை அடித்துவிட்டு, கொட்டை எழுத்தில் போட்டேன்: 'பங்காளிகள் ஆவோம், வாருங்கள்!' கல்லூரி ஹாஸ்டலில் தோளில் கைபோட்டு "என்ன பங்காளி" என்பார்களே, அந்தச் சூடு அதில் இருப்பதாக எனக்கு நினைப்பு. என் அப்பா ஒரே பிள்ளை. நானும் ஒரே பிள்ளை. அந்தச் சொல்லுக்கு இன்னொரு சூடு உண்டு என்பது எனக்கு உறைக்கவில்லை.

3. அலமேலு அம்மாள் கேட்டது

மில் முதலாளி கண்ணப்பன் என் முகத்தைப் பார்க்காமல் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாகறலில் மில் வைத்திருக்கும் தேவராஜ். இவர்கள் இரண்டு பேரும் போட்டால்தான் மற்றவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். கண்ணப்பனின் மனைவி அலமேலு அம்மாள் காபியை என் முன்னால் ஓசையோடு வைத்தார்.

"ஏன் சார், எங்கூட்டு கல்யாணத்த நிறுத்தறதுக்குனே பட்டணத்திலேர்ந்து வந்தீங்களா?"

"நானா? என்னம்மா சொல்றீங்க?"

"எம்பொண்ண இவரு புள்ளைக்குத்தான் குடுக்கப்போறோம்" என்று தேவராஜைக் காட்டினார். "நாளான்னிக்கு நிச்சயம். ரெண்டு பேரும் உங்க ஃபாரத்துல கையெழுத்துப் போட்டா பங்காளி ஆயிடுவாங்கன்னு நோட்டீஸ்ல கீது. பங்காளி வூட்ல யாராச்சும் பொண்ணு குடுப்பாங்களா?"

"அது கம்பெனிக்குச் சொன்னதும்மா..."

"எனக்குத் தெரியும் சார்" என்றார் தேவராஜ். "எங்க அண்ணனுக்குத் தெரியணுமே! நோட்டீஸ கைல வச்சிக்கினு குதிக்கிறாரு. இன்னொண்ணும் கேக்கறாரு. கம்பெனில ஆயிரம் பேரு பங்காளின்னா, எவன் வூட்ல சாவு வுளுந்தாலும் நாங்க தீட்டு காக்கணுமா? வருசம் பூரா தலைக்கு ஊத்திக்கினே இருக்கறதா?"

களமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. கௌஹாத்தி நாற்காலி கண் முன்னால் வந்து உட்கார்ந்தது. இந்த வீட்டு நிச்சயமும் என் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

பேனாவை எடுத்தேன். "தப்பு என்னுது. அடிச்சிடறேன். என்ன போடலாம், நீங்களே சொல்லுங்க."

"சம்மந்தின்னு போடுங்க" என்றார் அலமேலு அம்மாள்.

"இன்னாமே, கம்பெனிக்குப் போயி சம்மந்தியா?" என்றார் கண்ணப்பன்.

"ஏன், இன்னா தப்பு? சம்மந்தின்னா மரியாத குடுக்கணும். கேட்டா பதில் சொல்லணும். சாப்பாட்டுல கொற இருந்தா எழுந்து நின்னு சண்ட போடுவாங்க. உங்க கம்பெனில பங்கு வாங்குனவங்க அதத்தானே சார் செய்வாங்க?"

ஊர் ஊராகக் கம்பெனிகளின் ஆண்டுக் கூட்டங்களில் உட்கார்ந்தவன் நான். பங்குதாரருக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை எந்த வக்கீலும் எனக்குச் சொன்னதில்லை.

களத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டீசிலும் கையால் அடித்துத் திருத்தினேன். முதல் பிரதியைத் தேவராஜ் எடுத்துக்கொண்டு அண்ணனிடம் சைக்கிளில் பறந்தார். இரண்டு மணி நேரத்தில் அண்ணனையே கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார். முதல் கையெழுத்து அந்த அண்ணனுடையது. மதியத்துக்குள் ஃபாரக் கட்டு தீர்ந்தது.

4. ஜாயினிங் டைம்

மேனேஜர் கையைக் குலுக்கினார். "பிரமாதம்! புது ஊர் ஜனங்களோட எப்படிப் பேசணும்னு உங்களுக்குத் தெரியுது. அதனாலதான் கௌஹாத்திக்கு உங்க பேர எழுதியிருக்கேன்."

தோற்றாலும் கௌஹாத்தி, ஜெயித்தாலும் கௌஹாத்தி! ஆர்டரை மனைவியிடம் நீட்டினேன். களத்துக் கதையை ஏற்கெனவே கேட்டு இரண்டு நாள் சிரித்தவள் அவள். ஆர்டரை இரண்டு தடவை படித்தாள்.

"அந்த ஊர்ல சம்பந்திக்கு என்ன சொல்லுவாங்க?"

"தெரியாது."

"நாம போனதும் முதல்ல அதக் கேளுங்க. அப்புறம் நோட்டீஸ் எழுதலாம்" என்று பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவுதான். ஆபீஸ் மாறும்போது ஃபைலைக் கொண்டுபோங்கள். சொல்லை அந்த ஊரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புது ஆபீசில் சேரக் கொடுத்த நாட்களில் ஒன்றைத் திருப்புலிவனத்துக் கல்யாணத்துக்கு வைத்தோம். பந்தியில் அலமேலு அம்மாள் என் இலைக்கு எதிரே வந்து நின்றார்.

"சாப்பாடு எப்டி கீது?"

"எல்லாம் பிரமாதம்மா. ரசத்துலதான் உப்பு கொஞ்சம் கம்மி."

"தே, பாரு!" என்று கண்ணப்பனைக் கூப்பிட்டார். "சார் சம்மந்தி ஆயிட்டாரு!"