குறிப்பேட்டில் ஏறாத புகார்

மாணவர் சங்கத்தில் அவளுக்குப் பேனாக்கா என்றுதான் பெயர். தையல்காரர் மகள், மூன்றாம் ஆண்டு. கையெழுத்து நன்றாக இருக்கிறதே என்று கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

சங்கத்துக்கென்று ஒரு பாஷை உண்டு. ஒருவர் ‘முன்மொழிகிறேன்’ என்று எழ வேண்டும், இன்னொருவர் ‘வழிமொழிகிறேன்’ என்று எழ வேண்டும். அப்படி வராத பேச்சு குறிப்பேட்டில் ஏறாது. ‘பரிசீலிப்போம்’ என்றால் அத்தோடு மங்களம் பாடியாயிற்று என்று அர்த்தம். முதல் வருடம் பேனாக்காவும் இது புரியாமல் திருதிருவென்று விழித்தவள்தான். இப்போது எல்லாம் தண்ணீர்பட்ட பாடு.

அன்றைக்கு முதலாண்டுப் பெண் ஒருத்தி கூட்டத்தின் நடுவே எழுந்தாள்.

"அண்ணா, லேப்ல புகைய வெளிய தள்ற ஃபேன் ஓடல. தலை சுத்துது. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

சிலர் சிரித்தார்கள். "தீர்மானமா கொண்டு வாம்மா, பரிசீலிப்போம்" என்றான் தலைவன். அவள் உட்கார்ந்துவிட்டாள். பேனாக்கா பேனாவைத் தொடவேயில்லை.

பத்தே நாளில் அந்தப் பெண் லேபில் மயங்கி விழுந்தாள். கையிலிருந்த அமிலம் கொட்டி வலது கை வெந்துபோனது. நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? யாரும் புகார் சொன்னதில்லை, சங்கத்துக் குறிப்பேட்டில்கூட ஒரு வரி இல்லை, எல்லாம் அவள் கவனக்குறைவு, அவளைக் கல்லூரியை விட்டே நீக்கப்போகிறோம் என்றது. அடப்பாவிகளா!

அடுத்த கூட்டத்தில் பேனாக்கா வழக்கம்போல் போன கூட்டத்துக் குறிப்பை வாசித்து முடித்தாள். "திருத்தம் உண்டா?" என்றான் தலைவன். இந்தக் கேள்விக்கு யாரும் வாய் திறந்ததாகச் சரித்திரமே இல்லை. பேனாக்கா கையைத் தூக்கினாள்.

"நீ எழுதினத நீயே திருத்துவியா?"

"ஆமா. ஒரு பேச்சு விட்டுப்போச்சு. லேப் ஃபேன்."

"அது விதிப்படி வரலையே. சங்கத்து மானமே போயிடும் பேனாக்கா."

"போகட்டும். அவ நம்மகிட்டதான் வந்து சொன்னா. நாமதான் காதுல போட்டுக்கல." பேனாக்கா எழுந்து நின்றாள். "திருத்தத்தை முன்மொழிகிறேன்."

இன்னொரு குரல் வேண்டும். கடைசியில், அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவன் பின்வரிசையிலிருந்து எழுந்தான்.

"வழிமொழிகிறேன்."

அந்தப் பெண் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் பேனாக்கா எழுதினாள். அதற்குக் கீழே, ‘சிலர் சிரித்தார்கள். நான் எழுதவில்லை’ என்றும் சேர்த்தாள். பிறகு குறிப்பேட்டைத் தலைவன் பக்கம் தள்ளினாள். அவன் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.